ரிவர்ஸ் விழாத வண்டி

என் கணவர் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. எங்கள் படியின் கைப்பிடிக் கம்பி ஏறும்போது வலது பக்கம் இருக்கிறது, இறங்கும்போது இடது பக்கம் போய்விடும். அதனால் ஏறி வந்த மாதிரியே முகத்தை மேலே வைத்துக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலைப் பின்னால் வைத்து இறங்குவார். நான் வாசலில் நின்று பார்ப்பேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டே சிறுத்துச் சிறுத்துக் கீழே போவார். நல்லவேளை, முதல் மாடி.

அப்புறம் கார்க் கதவு சாத்தும் சத்தம். வண்டி நகரும் சத்தம். அது தெருமுனை திரும்புகிற வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன், திரும்பியதும்தான் விடுவேன். கேட்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தெரியும். நினைத்துக்கொள்ளட்டும். அவர் வீட்டில் இல்லாத நேரம்தான் என் நேரம்.

அந்த நேரத்தில் நான் ஒன்றும் பெரிதாகச் சாதிப்பதில்லை. நின்றபடி பாத்திரத்திலிருந்தே எடுத்துச் சாப்பிடுவேன். மின்விசிறிக்கு நேர் கீழே தரையில் மல்லாந்து படுப்பேன். ரேடியோவை அலறவிட்டு, அதற்கும் மேலே குரலெடுத்துப் பாடுவேன். எனக்குச் சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் சமையலறையில் பாடிக்கொண்டிருந்தபோது இவர் பதறி ஓடிவந்து, "எங்கயாவது சுட்டுக்கிட்டியா?" என்று கேட்டார். அதோடு இவர் இருக்கும்போது நான் வாயைத் திறப்பதை விட்டுவிட்டேன்.

இவர் வீட்டில் இருந்தால் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. கூப்பிட்டால் தொண்டை வலிக்கிறதாம், அதனால் மிஸ்டு கால். ஒரு மணி அடித்து நின்றால் தண்ணீர். இரண்டு என்றால் குளியலறைக்குப் போகக் கை கொடுக்க வேண்டும். மூன்று என்றால் ஒன்றுமில்லை, நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு அறை வீட்டில் நான் எங்கே தொலைந்து போவேன்? ஆனாலும் அடிப்பார், நானும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவேன்.

பக்கவாதம் வந்த முதல் வருஷம் அவர் முழு நாளும் வீட்டில்தான் இருந்தார். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து மறுபடி கட்டில். அவர் ஜன்னலைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதிலிருந்து எங்கள் இருவரையும் வெளியே எடுத்தது இந்தப் பழைய கார்தான். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி, வலது கால் ஒன்றே போதும். கியர் பிடி மட்டும் இடது பக்கம் இருப்பதால் வலது கையைக் குறுக்கே நீட்டித் தள்ளுவார். ஸ்டியரிங்கில் ஒரு உருண்டைக் குமிழைப் பொருத்தி ஒற்றைக் கையால் திருப்புவார். வண்டி வந்ததும் நெடுஞ்சாலைப் பக்கம் லாரி எடை மேடையில் வேலையும் கிடைத்தது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, லாரி மேடையில் ஏறியதும் பொத்தானை அமுக்கி, சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். அதற்கு ஒரு கை தாராளம். அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. வண்டி நின்றால் வேலை நிற்கும், வேலை நின்றால் நாங்கள் இருவரும் மறுபடி அந்த இரண்டு அறைக்குள். எனக்கு அந்த ஒரு பயம்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அப்படியிருக்க, சில காலமாக அவருடைய போக்கே ஒரு மாதிரியாக இருந்தது. முதலில், கட்டடத்துக்குக் கீழே எங்களுக்கென்று இருந்த கார் நிறுத்துமிடத்தை மேல்வீட்டுக்காரருக்குத் தாரை வார்த்தார்.

"அவரு புது வண்டி வாங்கியிருக்காரு, பாவம், வெயில்ல நிக்குது."

"நம்ம வண்டி மட்டும் குளிர்ல நிக்குதா?"

"நம்மது பழசு. அதுக்கு என்ன தெரியும்."

தன் சட்டையைக்கூட அடுத்தவருக்குக் கடன் கொடுக்காத மனுஷனுக்குத் திடீரென்று இந்தத் தர்ம சிந்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் என் அக்கா வீட்டுக்குப் போனபோது, அவள் வாசலில் யானையே நிற்கலாம் என்கிற அளவுக்கு இடம் இருந்தும், பிரதான சாலையிலேயே வண்டியை விட்டுவிட்டுக் கோலை ஊன்றிக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்தார். மருத்துவர் நடக்கச் சொன்னாராம். எந்த மருத்துவர் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிட்டார்.

குட்டு உடைந்தது ஒரு சந்துக்குள். பிசியோதெரபிக்குப் போகிற வழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மாற்றுப் பாதை என்று அம்புக்குறி காட்டிய இடத்தில் திரும்பினோம். அந்த அம்பை எவனோ தவறான பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். சந்து போய் ஒரு சுவரில் முடிந்தது. இருபுறமும் வீடுகள், நேரே பூச்சு உதிர்ந்த சுவர், அதன் மேல் ஒரு பூனை.

"பின்னால எடுங்க," என்றேன்.

இவர் வலது கையைக் குறுக்கே நீட்டிக் கியரைத் தள்ளினார். மிதித்தார். இஞ்சின் உறுமியது, வண்டி அசையவில்லை. மறுபடி மிதித்தார். பூனை இறங்கிப் போய்விட்டது.

"என்னங்க?"

"ரிவர்ஸ் விழாது."

"விழலையா?"

"விழாது. மழைக்கு முன்னாடியிலேருந்தே விழல."

அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மேல்வீட்டுக்காரருக்குச் செய்த தர்மமும் மருத்துவர் சொன்ன நடையும் அந்த ஒரு வார்த்தையில் விளங்கிவிட்டன. இத்தனை மாதங்களாக ஒரு மனுஷன் முன்னால் மட்டுமே போகிற வண்டியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கணக்குப் போட்டு ஓட்டியிருக்கிறான். எடை மேடையில் பிரச்சினையே இல்லை. லாரிகள் ஒரு வழியில் ஏறி மறு வழியில் இறங்கிப் போகும், இவரும் அப்படியே சுற்றி வந்துவிடலாம். மற்ற இடங்களில்தான் இந்தத் திருட்டு விளையாட்டு.

நியூட்ரலில் போடச் சொல்லிவிட்டு நான் இறங்கினேன். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே உடம்பை நுழைத்து, முதுகைச் சுவரில் கொடுத்து, முட்டியால் தள்ளினேன். பக்கத்து வீட்டிலிருந்து லுங்கியோடு ஒருவர் வந்தார், இன்னொருவர் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். மூன்று பேருமாகச் சந்து முழுக்கத் தள்ளினோம். இவர் கழுத்தை முழுசாகத் திருப்ப முடியாமல் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஒற்றைக் கையால் திருப்பினார். லுங்கிக்காரர், "சார் கொஞ்சம் இறங்கித் தள்ளலாம்ல?" என்று கேட்டார். இவர் முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கு அந்த லுங்கிக்காரரை அறைய வேண்டும் போலிருந்தது. இவரையும்தான்.

வண்டியைப் பட்டறையில் விடமாட்டேன் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். நிஜமாகவே ஒற்றைக் காலில்தான். "உள்ள போன வண்டி வெளிய வராது. பிரிச்சுப் போட்டுட்டு, பார்ட்ஸ் வரல, பார்ட்ஸ் வரலன்னு சொல்லிக்கிட்டே இருப்பான்." ஆகவே கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கிற ஒருவரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவழைத்தேன். எந்நேரமும் சலவைச் சட்டையில் திரிகிற மெக்கானிக் என்பதால் ஊரில் அவருக்கு வெள்ளைச் சட்டை என்றே பெயர். கறை படாமல் வேலை செய்வதில் அவருக்குப் பெருமை. கறை படுகிற வேலையை எல்லாம் அடுத்தவரை விட்டுச் செய்யச் சொல்வார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, அந்தக் குச்சியை உருவுங்க."

பானெட்டுக்குள் அளவு பார்க்கிற குச்சிகள் இரண்டு உண்டு. இஞ்சின் ஆயிலுக்கு ஒன்று, கியர் ஆயிலுக்கு ஒன்று. இவரால் குனிய முடியாது என்பதால் வாராவாரம் நான்தான் இரண்டையும் உருவித் துடைத்துப் பார்ப்பேன். இவர் மேலே ஜன்னலிலிருந்து உத்தரவு போடுவார்.

"முழுசாத்தான் இருக்கும், பாருங்க," என்றேன். இருந்தது. குச்சி மேல் கோடு வரை நனைந்திருந்தது.

வெள்ளைச் சட்டை ஒரு சிரிப்புச் சிரித்தார். "எப்பவும் இப்படித்தான் பாப்பீங்களா? இஞ்சினை அணைச்சிட்டு?"

"அப்படித்தான் பாக்கணும்," என்றார் இவர் அதிகாரமாக.

"அது இஞ்சின் ஆயிலுக்கு சார். இதுக்குச் சூடானப்புறம், வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போதே பாக்கணும். அணைச்சிட்டா உள்ள இருக்கறதெல்லாம் தொட்டிக்கு எறங்கிடும், குச்சி பொய் சொல்லும்."

தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இஞ்சின் ஓட ஓட மறுபடி உருவினேன். குச்சியின் நுனி மட்டும் ஈரமாக இருந்தது. வாராவாரம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் குச்சி சொன்ன பொய்யை நம்பியிருக்கிறோம். நான் இவரைப் பார்த்தேன். இவர் திருதிருவென்று விழித்தார்.

அந்த ஈரத்தை ஒரு காகிதத்தில் சொட்டவிடச் சொன்னார் வெள்ளைச் சட்டை. சிவப்பாகப் பரவ வேண்டுமாம். கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது, பரவவில்லை. மோந்து பார்த்தேன், அடுப்பில் மறந்துபோன பாத்திரத்தின் வாசனை.

"இதை எப்பவாவது மாத்தியிருக்கீங்களா சார்?"

"வாழ்நாள் முழுக்க மாத்த வேண்டாம்னு புக்குல போட்டிருக்கு."

"யாரு வாழ்நாள்னு போட்டிருக்கா?"

நான்தான் கேட்டேன். "இப்ப மாத்திடலாமா?"

வெள்ளைச் சட்டை முகத்தில் முதல்முறையாகப் பெருமை இல்லை. "அதுதான்கா சிக்கல். அஞ்சாறு வருஷம் முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு மாத்துன்னு சொல்லியிருப்பேன். இப்ப உள்ள இருக்கிற தட்டெல்லாம் தேஞ்சு, அந்தத் தூளு இந்த ஆயில்லதான் மிதக்குது. அந்தத் தூளோட சொரசொரப்புலதான் வண்டி பிடிச்சுக்கிட்டு ஓடுது. மொத்தமா வடிச்சுப் புதுசு ஊத்தினா வழுக்கிடுமோன்னு பயம். சில வண்டி பிழைச்சுக்கும். சிலது பட்டறை வாசலைத் தாண்டாது. இது எந்த ரகம்னு எனக்குத் தெரியாது."

"மாத்தலன்னா?"

"அப்பவும் சாகும். மெதுவா சாகும்."

எப்படிப் பார்த்தாலும் சுவரில் முடிகிற சந்து.

முதலில் குறைந்ததை ஊற்றிப் பார்க்கலாம் என்றார் வெள்ளைச் சட்டை. ரிவர்ஸுக்குத்தான் அழுத்தம் அதிகம் வேண்டுமாம், ஆயில் குறைந்தால் முதலில் உயிரை விடுவது அதுதானாம். புனல் வைத்து நான் ஊற்றினேன், அவர் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டு தள்ளி நின்றார். இவர் உள்ளே உட்கார்ந்து கையைக் குறுக்கே நீட்டினார். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் 'டொக்' என்று ஒரு இடி. பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தது, வண்டி பின்னால் நகர்ந்தது. இவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. பாதி முகம்தான் சிரிக்கும், அந்தப் பாதியே போதுமாக இருந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப ஆடாதீங்க சார்," என்றார் வெள்ளைச் சட்டை. "ஊத்தினது ஒழுகிடும். எங்கயோ ஒழுக்கை அடைக்கிற ரப்பர் சீல் போயிருக்கு, அதை மாத்தணும். அப்புறம் மாசாமாசம் கொஞ்சம் வடிச்சு, வடிச்ச அளவுக்குப் புதுசு ஊத்துவோம். மொத்தமா மாத்த நான் கை வைக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை பட்டறை கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் கொண்டாங்க, சாயங்காலம் குடுத்துடறேன். எடை மேடைதான் அன்னிக்கு அரை நாளாச்சே."

"எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வேலை இருக்கு," என்றார் இவர், சட்டென்று.

"அப்படியா? மத்தியானமே பூட்டிடறாங்கன்னு லாரிக்காரங்க..."

"எனக்கு வேலை இருக்கு."

வெள்ளைச் சட்டை என்னைப் பார்த்தார். நான் புனலைத் துடைத்தேன். என் புத்தி போகக்கூடாத இடத்துக்கெல்லாம் ஒருமுறை போய்விட்டு வந்தது. படியில் பின்பக்கமாக இறங்குகிற மனுஷனுக்கு அது ஒன்றுதான் குறைச்சல் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

வெள்ளைச் சட்டை குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "இங்க நாலு சொட்டுதான் இருக்கு. இவ்வளவு ஆயில் வேற எங்கயோ போயிருக்கு. நிறுத்தி வச்சு, ஏசிக்காக இஞ்சினை ஓடவிடற பழக்கம் உண்டா சார்? ஓடிக்கிட்டே நின்னாத்தான் இப்படி ஒழுகும். வெயில்ல அப்படி நிறுத்தினா சூடும் ஏறும். இந்த வண்டிக்குச் சூடுதான் எமன். இப்படியே போனா அடுத்த மழைக்கு இது இருக்காது."

"அதெல்லாம் இல்ல," என்றார் இவர்.

மறுநாள் இவர் வேலைக்குப் போனதும் குப்பை கொட்டப் பின் சந்துக்குப் போனேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வண்டி ஒன்று நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறுகிற அளவுக்கு ஒரு சந்து உண்டு. குப்பைத் தொட்டியைத் தாண்டி, சுவரோரம், தரையில் அது இருந்தது. கறுப்பும் சிவப்புமாக, ஒரு பெரிய தட்டளவுக் கறை. ஒரு நாளில் வந்த கறை இல்லை. காய்ந்ததன் மேல் சொட்டி, அதன் மேல் மறுபடி சொட்டி, தோல் மாதிரி தடித்திருந்தது. விரலால் தொட்டு மோந்தேன். அடிப்பிடித்த அதே வாசனை.

நிமிர்ந்து பார்த்தேன். நேர் மேலே எங்கள் சமையலறை ஜன்னல்.

எத்தனை சனிக்கிழமைகள்! மத்தியானமே வேலை முடிந்து வந்து, மேலே ஏறாமல், இங்கே நிறுத்தி உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் ஆனதும் பின் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு முன் வாசலுக்கு வந்து, அப்போதுதான் வேலையிலிருந்து வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படியேறியிருக்கிறார். நானும் "இன்னிக்குக் கூட்டமா?" என்று கேட்டு, தண்ணீர் கொடுத்திருக்கிறேன். நான் ரகசியமாக வைத்திருந்த சந்தோஷம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் போனால்தான் நான் மூச்சு விடுகிறேன் என்பதும் தெரிந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு அடுத்த நிமிடமே கோபம் வந்தது. இந்தப் பரிசை நான் கேட்டேனா? இந்தக் கருணைக்காக வண்டியை அல்லவா கொன்றுகொண்டிருக்கிறார்! வண்டி போனால் சனிக்கிழமை மட்டுமா போகும்?

அந்த வாரம் முழுக்கச் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து மூடினேன். "எனக்குத் தெரியும், ஒரு சனிக்கிழமை பட்டறைக்குப் போங்க, மத்த வாரமெல்லாம் வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கடைசி இரண்டு வார்த்தைதான் தொண்டையில் நின்றது. சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் இருப்பார். கட்டில், நாற்காலி, ஜன்னல். மணி ஒன்று, மணி இரண்டு, மணி மூன்று.

சனிக்கிழமை வந்தது. சாப்பிட்டுவிட்டு, திரைச்சீலையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். கார் வந்து நின்றிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வலது பக்கக் கண்ணாடி மட்டும் இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. ஏசி போட்டுக்கொண்டு எதற்குக் கண்ணாடியை இறக்க வேண்டும்? எனக்கு அப்போது புரியவில்லை. ரேடியோவைப் போடவும் கை வரவில்லை. வீடு நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தத்தில் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சொட்டு என்று மனசு எண்ணியது. தாங்க முடியவில்லை. திரையைத் தள்ளிவிட்டுத் தலையை நீட்டினேன்.

"என்னங்க."

அவர் தலை மெதுவாக வெளியே வந்தது. பிடிபட்ட முகம்.

மேலே வாங்க என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் வாயிலிருந்து விழுந்தது வேறு.

"இஞ்சினை அணைச்சிட்டு உக்காருங்க."

நான் எதைச் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சாவியைத் திருப்பினார். சந்து அடங்கியது. எல்லாக் கண்ணாடியையும் இறக்கினார். நல்ல வெயில்.

"அடுத்த வாரம் பட்டறைக்குப் போங்க," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "இங்க உக்கார்றதுக்கு அங்க போய் உக்காருங்க. அந்த சீலும் மாறின மாதிரி இருக்கும்."

"போறேன்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அங்க பாட்டு கேக்காது."

நான் தலையை உள்ளே இழுக்கப் பார்த்தேன்.

"இன்னிக்கு ரேடியோ போடலையே?" என்றார். "போ. சாயங்காலம் வரைக்கும் நான் மேல வரமாட்டேன்."

உள்ளே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். என்னுடையது என்று நான் நினைத்திருந்த நேரத்தில் ஒருநாளும் நான் தனியாக இருந்ததே இல்லை. இவரை வெளியே அனுப்பிவிட்டு இவருக்குத்தான் பாடியிருக்கிறேன். அழவா, சிரிக்கவா, கீழே போய் நாலு கேள்வி கேட்கவா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு மனுஷன் ஏசியை அணைத்து, வெயிலில் வேர்த்துக்கொண்டு, இதற்காகவே கீழே உட்கார்ந்திருக்கிறார். ரேடியோவைப் போட்டேன். பாடினேன். சுருதி வழக்கம்போலச் சேரவில்லை. ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்று பாடினேன். மூன்றாவது முடிந்தபோது தொண்டை வறண்டுவிட்டது. ரேடியோவை அணைத்துவிட்டுத் தரையில் படுத்தேன்.

கைப்பேசி ஒரு மணி அடித்து நின்றது. தண்ணீரோ என்று எழுந்து உட்கார்ந்தேன். இரண்டாவது அடித்தது. மூன்றாவதும் அடித்து நின்றது.

நான் மறுபடி பாட ஆரம்பித்தேன்.